வாடாமல்லிப் புடவையும் சரிபார்க்காத திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பார்த்து வாங்கிய பட்டுப்புடவை கைக்கு வந்தபோது வேறு நிறமாக இருந்தது என்று வருந்தி, வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது அவருடைய முடிவு. அப்படியும் இருக்கலாம். ஆனால் கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்தி, கல்யாண ஆல்பங்களோடும், பக்கத்து ஊரான திருபுவனத்துப் பட்டுகளைப் படமெடுக்கும் வேலையோடும் பழகியவன் என்ற முறையில் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. அந்தப் புடவையின் படம், அதைத் திருத்தியவரின் கணினித் திரை, வாசகரின் கைபேசித் திரை என்று குறைந்தது இரண்டு திரைகளைக் கடந்துதான் அவர் கண்ணுக்கு வந்திருக்கும். இரண்டில் ஒன்றையாவது யாரேனும் கருவி வைத்து அளந்து சரிபார்த்திருப்பார்களா என்றால், பெரும்பாலும் இருக்காது. கைபேசியைப் பற்றி நாம் செய்யக்கூடியது குறைவு. படம் திருத்துகிறவரின் திரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தவறைச் செய்து, அதற்கான பணத்தையும் கட்டிய பிறகுதான். பத்து ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்க் கல்யாணம் ஒன்றின் ஆல்பத்தை 12×36 அங்குல அளவில் வடிவமைத்து, வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பி அச்சடித்து வாங்கினேன். பெண்ணின் தாயார் முகூர்த்தத்துக்கு வாடாமல்லி நிறத்தில் பட்டு உடுத்தியிருந்தார். ஆல்பத்தில் அது அரக்குக்கும் செங்கல்லுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நிறமாக வந்திருந்தது. முகங்களெல்லாம் மஞ்சள் பூசியவை போலவும், மண்டபத்தின் பின்வரிசையில் நின்றவர்கள் இருட்டுக்குள் நிற்பவர்கள் போலவும் தெரிந்தார்கள். “தம்பி, இது என் புடவையே இல்லை” என்று அந்த அம்மா சொன்னபோது, நான் சற்றும் யோசிக்காமல் லேப்காரர் மேல் பழியைப் போட்டேன். அவரோ, “வந்த ஃபைலைத் தொடாமல் அப்படியே போட்டிருக்கிறோம் சார்” என்றார். நான் நம்பவில்லை. என் செலவில் வேறொரு லேபில் மறுபடி அச்சடித்தேன். அங்கிருந்தும் அதே புடவைதான் வந்தது.

அரை ஆண்டு கழித்து, சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஊருக்கு வந்தார். கையோடு கொண்டுவந்திருந்த, திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டர் என்ற சிறு கருவியை என் மானிட்டரின் நடுவில் தொங்கவிட்டு அளந்து காட்டினார். வெள்ளையின் சாயலைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் கூடும். நான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்த வெள்ளை, 8,000 கெல்வினைத் தாண்டி நீலம் பாய்ந்து கிடந்தது. பிரகாசம் சதுர மீட்டருக்கு 300 காண்டெலாவுக்கு மேல் இருந்தது. கணக்கு அப்போதுதான் புரிந்தது. நீலம் பாய்ந்த திரையில் முகங்கள் வெளிறித் தெரிந்ததால் ஒவ்வொரு படத்திலும் மஞ்சளையும் சிவப்பையும் கூட்டியிருக்கிறேன். வாடாமல்லியில் இருந்த நீலம் அதில் அடிபட்டுப்போய்ச் சிவப்பு மட்டும் தங்கிவிட்டது. திரை கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தில் இருந்ததால் படங்களை இருட்டாக்கியிருக்கிறேன். என் மானிட்டரின் குறையை நானே ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைத்திருக்க, இரண்டு லேபுகளும் அதை உள்ளபடி அச்சடித்துத் தந்திருக்கின்றன. முதல் லேப்காரரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இத்தனை ஆண்டு பழகிய கண்ணுக்கு இது தெரியாமல் போகுமா என்று கேட்பார்கள். தெரியாது. நம் கண் எந்த வெளிச்சத்தில் இருக்கிறதோ அந்த வெளிச்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்திலும், மழைக்கால வானத்தின் நீல வெளிச்சத்திலும் ஒரே காகிதத்தை நாம் வெள்ளை என்றே சொல்வது இதனால்தான். நீலம் பாய்ந்த திரையின் முன் சில நிமிடம் உட்கார்ந்தாலே போதும், அதுவே வெள்ளையாகிவிடும். சரியான திரையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் அதுதான் மஞ்சளடித்துப் பழசாகத் தெரியும். சரிபார்த்த முதல் நாள் என் திரையைப் பார்த்து நானே, நன்றாக இருந்த மானிட்டரைக் கெடுத்துவிட்டாரே என்றுதான் எண்ணினேன். இரண்டு நாளில் கண் பழகியது. புதிதாகக் கருவி வாங்கியவர்கள் பலர் முதல் நாளே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதற்கும் இதுவே காரணம்.

வெள்ளையில் நீலம் கலந்தால் அது கூடுதல் வெள்ளையாகத் தெரியும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது அதற்காகத்தானே? திரை தயாரிப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். கடையில் வரிசையாக வைத்திருக்கும் மானிட்டர்களில் எது பளிச்சென்று கண்ணில் படுகிறதோ அது விலைபோகும் என்பதால், பல திரைகள் நீலம் தூக்கலாகவும் பிரகாசம் மிகுதியாகவும் அமைக்கப்பட்டே பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. கடைக்கு அது சரி. படம் திருத்துகிறவன் மேசைக்கு அது ஆகாது. வேட்டியைச் சொன்னதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கல்யாணப் படங்களில் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்ய, ‘இதுதான் வெள்ளை’ என்று மென்பொருளுக்குக் காட்டும் துளிப்பானை மாப்பிள்ளையின் வேட்டி மேல் வைத்துச் சொடுக்கும் பழக்கம் நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. நீலம் போட்ட வேட்டியை மென்பொருள் நடுநிலை வெள்ளை என்று நம்பினால், அந்த நீலத்தைக் கழிப்பதற்காகப் படம் முழுவதும் மஞ்சளை ஏற்றிவிடும். மேடையில் முதல் படம் எடுக்கும்போது ஒரு சாம்பல் அட்டையை மணமக்கள் முகத்தருகே பிடித்து ஒரு ஃபிரேம் எடுத்து வைத்து, வேட்டிக்குப் பதில் அந்த அட்டைமேல் சொடுக்கினால் இந்தத் தொல்லையே வராது.

நிறத்துக்கு அளவுகோல் இல்லாமலில்லை. சராசரிக் கண் நிறத்தை எப்படி உணர்கிறது என்பதைப் பன்னாட்டு ஒளியூட்ட ஆணையமான சி.ஐ.இ. 1931-லேயே எண்களாக வகுத்துவிட்டது. கலரிமீட்டர் இன்றும் அந்த எண்களை அடியொற்றித்தான் அளக்கிறது. பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளைக்கு அதே ஆணையம் வகுத்த டி65, ஏறத்தாழ 6,500 கெல்வின். எந்த எண் எந்த நிறம், எந்த எல்லை வரை என்று வகுத்துவைப்பதை நிறவெளி என்பார்கள். இணையத்தின் பொது நிறவெளியான எஸ்.ஆர்.ஜி.பி., ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்மொழிந்து 1999-ல் பன்னாட்டுத் தரமானது. அதன் வெள்ளையும் டி65-தான். அச்சுத் தாளை வைத்துப் பார்க்கும் விளக்குக்கு மட்டும் டி50, அதாவது 5,000 கெல்வின் என்பது அச்சுத் தொழிலின் வழக்கம். நம் பெண்கள் ஜவுளிக்கடையில் புடவையை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்களே, அவர்கள் இந்த எண்கள் எதையும் படித்ததில்லை. கடைக்குள் இருக்கும் விளக்கை நம்பி நிறத்தை முடிவு செய்யக்கூடாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். மானிட்டர் முன் உட்காரும் நமக்கு அந்த வாசல் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் கருவி.

பிரகாசத்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு சதுர மீட்டருக்கு 120 காண்டெலா. இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு வெகுநாள் குழப்பமாக இருந்தது. கணக்குப் போட்டால் எளிதாக விளங்குகிறது. அச்சிட்ட படத்தை அன்றாட வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3664 தரம் சொல்லும் அளவு 500 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு). அந்த வெளிச்சத்தில், விழும் ஒளியில் 85 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும் வெள்ளைத் தாளின் பிரகாசம் 140 காண்டெலாவை ஒட்டி வரும். வீட்டுக் கூடத்தில் அதைவிட வெளிச்சம் குறைவு என்பதால் தாளின் பிரகாசமும் அதற்கேற்பக் குறையும். ஆக, 120-ல் இருக்கும் திரையும் கையில் இருக்கும் தாளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். 300-ல் இருக்கும் திரைக்கு அந்த வெளிச்சத்தில் ஈடுகொடுக்க எந்தத் தாளாலும் முடியாது. “பிரிண்ட் இருட்டாக வருகிறது” என்று நம் தொழிலில் அன்றாடம் கேட்கும் புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு பொத்தானில் அடங்கிவிடும். கருவி வாங்க முடியாதவர்கள் முதலில் மானிட்டரின் பிரைட்னஸைத் தாளின் அளவுக்குக் குறைத்துப் பார்க்கட்டும், கைக்காசு செலவில்லாமல் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

மூன்றாவது அளவு காமா. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே உள்ள படிகளைத் திரை எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பதன் பெயர் அது. 0 முதல் 255 வரை உள்ள எண்களில் நட்ட நடுவில் இருக்கும் 128-ஐத் திரைக்கு அனுப்பினால், முழு வெளிச்சத்தில் பாதி வராது; காமா 2.2 என்றால் ஏறத்தாழ 22 விழுக்காடுதான் வரும், நம் கண்ணுக்கு அதுவே நடுச்சாம்பலாகத் தெரியும். இந்த வளைவு கோணினால் மாநிறத்தவர் முகம்தான் முதலில் அடிவாங்கும், ஏனென்றால் நம் தோல் நிறம் பெரும்பாலும் அந்த நடுப்படிகளில்தான் விழுகிறது. ஃபிலிம் காலத்தில் லேபுகள் நிறம் பார்ப்பதற்குக் கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. அன்று நம் முகங்கள் கருகி வந்ததற்கு அட்டையைக் காரணம் சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல வழியில்லை.

இனி, சரிபார்க்கும் வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பலர் இதை ஏதோ பொறியாளர் வேலை என்று நினைத்து அஞ்சுகிறார்கள். மானிட்டரை இயக்கி அரை மணி நேரமாவது சூடேற விட வேண்டும். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட், வெளிச்சத்துக்கேற்பத் தானே மாறும் ஆட்டோ பிரைட்னஸ், ஆப்பிள் கணினிகளில் ட்ரூ டோன் ஆகியவற்றை அணைத்துவிட வேண்டும். மானிட்டரின் மெனுவில் உள்ள ‘விவிட்’, ‘கேம்’, ‘மூவி’ போன்ற ஒப்பனைகளை விட்டுத் தயாரிப்பாளரின் மூலநிலைக்குக் கொண்டுவந்து, கருவியைத் திரையோடு ஒட்டினாற்போல் தொங்கவிட்டு, கான்ட்ராஸ்ட்டைத் தொடாமல், பிரைட்னஸை மட்டும் 120 காண்டெலாவுக்குக் குறைக்க வேண்டும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக இருக்கும் அளவுகளை, மென்பொருள் காட்டும் கோடுகள் மூன்றும் ஒன்றாகும்வரை, வழக்கமாக நீலத்தைக் குறைத்து, டி65-க்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவும் கையால் செய்வது. இதன்பின் கருவியை எடுக்காமல், வெளிவெளிச்சம் உள்ளே புகாதபடி மானிட்டரைச் சற்றே மல்லாத்தி வைத்துவிட்டால், மென்பொருள் ஒவ்வொரு நிறக்கட்டமாகக் காட்டிக்கொண்டே போகும். கருவி ஒவ்வொன்றையும் அளந்துகொண்டே வரும். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

முடிவில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கும். நம்மவர்கள் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, திரையையே ஒரு தெரிந்த நிலைக்குக் கொண்டுவருவது. அதைத்தான் கேலிபிரேஷன் என்கிறோம். இரண்டாவது, அப்படிக் கொண்டுவந்த பிறகும் திரையிடம் மிச்சமிருக்கும் குணங்களை ஒரு கோப்பில் எழுதிவைப்பது, அதுதான் ப்ரொஃபைல். 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், அக்ஃபா உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த ஐ.சி.சி. என்ற அமைப்பு வகுத்த வடிவத்தில் அந்தக் கோப்பு இருப்பதால், எந்த நிறுவனத்தின் மென்பொருளும் அதைப் படித்துக்கொள்ளும். ஃபோட்டோஷாப் அந்தக் கோப்பைப் பார்த்து, “இந்தத் திரையில் பச்சை சற்று மந்தம்” என்று தெரிந்துகொண்டு அதற்கேற்பப் படத்தைக் காட்டும். இந்தத் திரை ப்ரொஃபைலைக் கொண்டுபோய் ஃபோட்டோஷாப்பின் வேலை நிறவெளியாக, அதாவது படத்தின் எண்களுக்குப் பொருள் சொல்லும் அளவாக, வைத்துக்கொள்கிறவர்கள் நம்மில் உண்டு. அது தம் வீட்டு மரக்காலை ஊருக்கே அளவாக்குவது போன்ற வேலை. வேலை நிறவெளி எஸ்.ஆர்.ஜி.பி.யாகவோ, அதைவிட அகன்ற, அடோபி 1998-ல் வெளியிட்ட அடோபி ஆர்.ஜி.பி.யாகவோ இருக்க வேண்டும். திரையின் ப்ரொஃபைல் இயங்குதளத்தின் அமைப்பில் மட்டும் இருக்க வேண்டும்.

கருவி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மலிவான மடிக்கணினிகளின் விவரக் குறிப்பில் ‘45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.’ என்று, பழைய தொலைக்காட்சித் தரம் ஒன்றின் நிறப்பரப்போடு ஒப்பிட்டுப் போட்டிருப்பார்கள்; எஸ்.ஆர்.ஜி.பி.யின் நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் திரையில் வரவே வராது என்பது அதன் பொருள். இல்லாத நிறத்தை எந்தக் கருவியாலும் வரவழைக்க முடியாது. தலையை அசைத்தால் நிறம் மாறும் டி.என். வகைத் திரைகளும் இந்த வேலைக்கு உதவா, ஐ.பி.எஸ். வகை குறைந்தபட்சத் தேவை. மடிக்கணினியில் நிறங்களைத் தனித்தனியாகக் குறைக்கும் பொத்தான் இல்லாததால் வெள்ளையைத் திருத்தும் வேலை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். இருக்கும் 256 படிகளில் சில அதில் கழிந்துபோக, வானத்தின் நீலச் சரிவில் வரிவரியாகக் கோடுகள் தெரியக்கூடும். திருத்தத்தைத் தன் உள்ளேயே வைத்துக்கொள்ளும் ஐஸோ கலர்எட்ஜ் போன்ற மானிட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் தொல்லை. இதற்கு நேர்மாறாக, நிறவெளி அகன்ற புது மானிட்டரை வாங்கினால், சரிபார்த்த பிறகும், ப்ரொஃபைலைப் படிக்கத் தெரியாத செயலிகளில் குங்குமம் தீப்பிழம்பாகவும் மாவிலைத் தோரணம் பிளாஸ்டிக் பச்சையாகவும் எரியும்.

சரிபார்த்தது நிலைத்தும் நிற்காது. மானிட்டரின் பின்விளக்கு நாளாக நாளாக மங்கும், நிறமும் மாறும். மாதம் ஒருமுறை அளப்பது நல்லது. மளிகைக் கடைத் தராசைக்கூடக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முத்திரையிட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு குடும்பம் காலமெல்லாம் வைத்துப் பார்க்கப்போகும் ஆல்பத்தின் நிறத்தை எடைபோடும் திரையை, வாங்கிய நாளிலிருந்து நாம் அளந்ததே இல்லை.

அறையும் முக்கியம். என் எடிட்டிங் அறைச் சுவர் முன்பு பச்சை. மானிட்டருக்கு நேர் எதிரே சன்னல். காலையில் திருத்திய படமும் மாலையில் திருத்திய படமும் ஒரே ஆல்பத்தில் வேறு வேறாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது வெளிர்சாம்பல் அடித்து, சன்னலுக்குத் திரை போட்டு, கணினியின் டெஸ்க்டாப்பில் இருந்த பேத்தி படத்தையும் எடுத்துவிட்டுச் சாம்பலாக்கி வைத்திருக்கிறேன். உதவியாளர் ஒருநாள் ஆரஞ்சு டீ-சர்ட் போட்டு வந்து உட்கார்ந்தபோது, அந்த நிறம் பளபளப்பான திரையில் மங்கலாகத் தெரிந்ததைப் பார்த்த பிறகு, வேலை நேரத்துக்கென்று ஒரு சாம்பல் சட்டையை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

திரை சரியாகிவிட்டாலும் தாளில் வராத நிறங்கள் உண்டு. மீண்டும் அந்த வாடாமல்லிதான். ஒளியைக் கொண்டு திரை உண்டாக்கும் அழுத்தமான நீலங்களையும் ஊதாக்களையும், மையைக் கொண்டு தாள் உண்டாக்க முடியாது. நாலு வண்ண ஆஃப்செட்டில் தூய நீலம் மங்கிய ஊதாவாக வருவதை அழைப்பிதழ் அச்சடித்த எவரும் பார்த்திருப்பார்கள். எம்.எஸ். ப்ளூ என்று ஒரு பாடகியின் பெயரையே தாங்கி நிற்கும் அந்த நீலத்தைத் தாளில் கொண்டுவரப் படும் பாடு, பட்டுக்கடை விளம்பரம் செய்பவர்களைக் கேட்டால் தெரியும். இந்த இடத்தில்தான் லேபின் ப்ரொஃபைல் தேவைப்படுகிறது. தங்கள் அச்சு இயந்திரமும் தாளும் சேர்ந்து எந்த நிறத்தை எப்படிக் காட்டும் என்ற கோப்பை லேப் கொடுத்துவிட்டால், ஃபோட்டோஷாப்பில் அதைத் தேர்ந்துகொண்டு, தாளில் படம் எப்படி வரும் என்பதை அச்சுக்கு அனுப்பும் முன்பே திரையில் பார்த்துவிடலாம். வாடாமல்லி எவ்வளவு இறங்கும் என்று தெரிந்தால், சுற்றியுள்ள நிறங்களைச் சற்றே அடக்கி அதை எடுப்பாக்கலாம். புடவைக்குரியவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியும் வைக்கலாம். திரை அளவோடு இல்லாதபோது இந்த முன்பார்வைக்கு எந்தப் பொருளும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்டுப் பார்த்த லேபுகளில் பெரும்பாலானவை ப்ரொஃபைல் கொடுப்பதில்லை. “எஸ்.ஆர்.ஜி.பி.யில் அனுப்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சில இடங்களில் இயந்திரத்தில் இருப்பவர் தம் கண்ணுக்குத் தோன்றியபடி ஒவ்வொரு ஃபைலிலும் நிறத்தைக் கூட்டிக் குறைத்துவிடுகிறார். சரிபார்க்காத திரையிலிருந்து வரும் படங்களே அதிகம் என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனால் அளந்த திரையில் ஒருவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து திருத்திய படத்துக்கும் அதே வைத்தியம் நடக்கும்போது வயிறு எரிகிறது. தமிழ்நாட்டு லேப் உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டே. எந்தத் தாளுக்கு எந்த ப்ரொஃபைல் என்பதைத் தங்கள் இணையதளத்தில் எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். ஆர்டர் படிவத்தில், ‘நிறத்தைத் தொட வேண்டாம்’ என்று எழுத ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

ஸ்டுடியோக்காரர்களாகிய நமக்கும் சாக்கு இல்லை. ஸ்பைடர், கேலிபிரைட் போன்ற பெயர்களில் கிடைக்கும் கலரிமீட்டர் ஒன்றின் விலை, கல்யாணத்துக்கென்று நாம் வாங்கும் லென்ஸ்களில் பலவற்றின் விலையைவிடக் குறைவு. கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்காதவர்களுக்கு ஆர்கில் சி.எம்.எஸ்., டிஸ்பிளேகேல் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. மாதத்தில் அரை மணி நேரம் மட்டுமே தேவைப்படும் கருவியை ஆளுக்கொன்றாக வாங்கவும் வேண்டாம். ஊர்தோறும் இருக்கும் ஒளிப்படக் கலைஞர் சங்கங்கள் பொதுவில் ஒன்றை வாங்கி, பந்தக்கால் சாமான்போல் முறைவைத்துக் கொடுத்து வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கருவிக்குள் இருக்கும் வடிகட்டிகளும் ஆண்டுக்கணக்கில் பழசாகும்; பரணில் கிடந்த பத்து ஆண்டுப் பழைய கருவியை எடுத்து இன்றைய எல்.இ.டி. திரையை அளந்துவிட்டு, கருவியே பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. திரையின் பின்விளக்கு எந்த வகை என்பதை மென்பொருளில் சரியாகத் தேர்ந்துகொள்வதும் அவசியம்.

புடவை வாங்கிய வாசகருக்கும் ஒரு சொல். அவர் வாங்கியது மயில்கழுத்து நிறப் பட்டாக இருந்தால், அதில் யாரையும் குற்றம் சொல்ல இயலாது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த அந்தத் துணி, பார்க்கும் கோணத்துக்குக் கோணம் நீலமும் பச்சையுமாக மாறுவதாலேயே அந்தப் பெயரைப் பெற்றது. ஒரே கோணத்தில் எடுத்த ஒரு படம் அந்த இரண்டில் ஒன்றைத்தான் காட்டும். மற்ற நிறமாக இருந்தால், அவர் தம் கைபேசித் திரை அமைப்பில் ‘விவிட்’ என்பதை மாற்றி ‘நேச்சுரல்’ என்று வைத்துவிட்டு, அதே படத்தையும் அதே புடவையையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்க்கட்டும். அதன்பிறகும் வேறாகத் தெரிந்தால் கடைக்காரரிடம் தாராளமாகச் சண்டை போடலாம்.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் சென்ற ஆண்டு கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு காலையில், உறுப்பினர் அல்லாதவர்களின் திரைகளையும் கட்டணமின்றி அளந்து கொடுக்கிறோம். வருகிறவர்கள் மானிட்டரைத் தூக்கிவருவதானால் அதன் மெனுப் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு வரவும். மடிக்கணினி கொண்டுவருபவர்கள் நைட் லைட்டை அணைத்துவிட்டு, வரிசையில் காத்திருக்கும்போதே அதை இயக்கிச் சூடேற்றி வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சமாகும். சார்ஜரை மறக்க வேண்டாம். சென்ற மாதம் மூன்று பேர் மறந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்.